வீட்டுக்காகவே வாழ்ந்தவரைப் பற்றி எழுதி வைப்பது எப்படி?

குடும்பமே கதி என்று வாழ்ந்த ஒரு நல்ல மனிதர் இறந்துபோன பிறகு, அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதலில் வருவது ஒரே மூன்று வரிதான். அன்பானவர், பொறுமையானவர், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதே மூன்று வரி இன்னும் ஆயிரம் பேருக்கு அப்படியே பொருந்தும், படிக்கிற பேரப்பிள்ளைக்குத் தாத்தா எப்படி இருந்தார் என்று ஒன்றும் தெரியாது.

நாலு பேருக்குத் தெரிந்த ஆள் என்றால் செய்தித்தாளில் பெயர் இருக்கும், மேடையில் பேசிய வீடியோ இருக்கும், விருது இருக்கும். வீட்டு மனிதருக்கு அதெல்லாம் கிடையாது. பாதி ராத்திரியில் பிள்ளையின் காய்ச்சலுக்கு விழித்திருந்தது, வேலை முடிந்து வந்த களைப்பிலும் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தது, தங்கையின் கல்யாணக் கடனை வெளியே தெரியாமல் அடைத்தது என்று அவர் செய்ததெல்லாம் யாரும் எங்கேயும் பதிந்து வைக்காத வேலைகள். அவை பத்துப் பதினைந்து பேருடைய ஞாபகத்தில் சிதறிக் கிடக்கின்றன, அந்தப் பேரில் பாதிப் பேருக்கு வயதாகிவிட்டது. அதனால் இதில் எழுதுவது சின்ன வேலை, சேகரிப்பதுதான் பெரிய வேலை. அதையும் எதை முதலில், எதை அப்புறம் என்று தெரிந்து செய்ய வேண்டும், ஏனென்றால் சில விஷயங்கள் நமக்காகக் காத்திருக்காது.

முதலில் போன்

துக்கத்தோடு துக்கமாக வீட்டில் யாராவது ஒருவர் அவருடைய போனை ரீசெட் செய்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார், அல்லது மாதக் கட்டணம் எதற்கு என்று சிம்மை ரத்து செய்துவிடுவார். குறைந்தது சில மாதத்துக்கு இரண்டையும் செய்யாதீர்கள். வங்கி, மெயில் என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அது வேறு ஒருவருக்குப் போய்விடும்.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் பொதுவாக அழிந்துவிடும். கூகுள் 2023ல் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கை அதிலிருக்கும் மெயில், போட்டோவோடு சேர்த்து அழிக்கலாம். பேஸ்புக் கணக்கைக் குடும்பத்தார் கேட்டால் நினைவுக் கணக்காக மாற்றித் தருவார்கள், ஆனால் மாற்றிய பிறகு யாரும் அதற்குள் லாகின் செய்ய முடியாது. அதனால் அவர் போட்ட படங்களை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் அவருடைய குரல். மனைவி, பிள்ளைகள், தம்பி தங்கை, மருமகள், பேரப்பிள்ளைகள் என்று யாருக்கெல்லாம் அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாரோ அத்தனை பேரிடமும் கேட்டு வாங்குங்கள். "முக்கியமா ஒன்னும் இல்ல, வந்து சேர்ந்துட்டியான்னு கேட்டிருப்பார், அவ்வளவுதான்" என்பார்கள். அதுதான் வேண்டும். மேடைப் பேச்சு மாதிரி யோசித்துப் பேசியதைவிட, "வந்துட்டியா? சரி சரி, வச்சிடறேன்" என்று எட்டு விநாடி பேசியதில்தான் அவர் முழுசாக இருப்பார். மெசேஜை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, உங்கள் மெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிவிடலாம். நிறைய இருந்தால் அந்தச் சாட்டைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து மீடியாவோடு சேர்த்து எடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று தனி ஃபோல்டரே இருக்கும், அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளலாம். அந்த ஃபைல்கள் ஓப்பஸ் வடிவில் இருக்கும், விஎல்சி போன்ற பிளேயரில் ஓடும். பின்னாளில் சிக்கல் வேண்டாம் என்றால் ஒரு பிரதியை எம்பி3 ஆகவும் மாற்றி வையுங்கள்.

பழைய போட்டோக்களையும் இதே மாதிரி சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தை. போன் கையில் இருக்கிறது என்பதற்காக அதிலிருக்கும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. நண்பரிடம் அவர் மனம்விட்டுப் பேசியது அவருடையது. குரல், படம், குடும்பத்துக்கு எழுதியது, இதோடு நின்றுகொள்ளலாம்.

அப்புறம் காகிதம்

பர்ஸ், மேசை டிராயர், பழைய டைரி, காலண்டரின் பின்பக்கம், பைக் ஆர்சி வைத்திருந்த கவர். இப்படிப்பட்டவர்களுடைய வாழ்க்கை பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் எழுத்தில் இருக்கும். என் அப்பாவுடைய பர்ஸில் மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ஒரு பக்கம் வீட்டில் எல்லாருடைய ரத்த வகை. மறுபக்கம் எங்கள் செருப்பு அளவு, பழைய எண்ணை அடித்து அடித்துப் புது எண் எழுதியிருந்தார், நாங்கள் வளர வளர. அவர் அன்பானவர் என்று நான் ஒரு பக்கம் எழுதினாலும் அந்தச் சீட்டு சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது. அதனால் குப்பை என்று தோன்றுவதையும் ஒருமுறை போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். குறிப்பாக, கடையில் தரும் வழுவழுப்பான பில் தாள்களில் அச்சான எழுத்து சில வருடத்தில் தானாகவே மங்கிப் போய்விடும், அதில் அவர் கையெழுத்தில் ஏதாவது குறித்திருந்தால் அது எதற்கான பில் என்று தெரியும்போதே படம் பிடியுங்கள்.

போட்டோக்களை ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுப் படத்துக்கு 300 டிபிஐ (படம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிய வேண்டும் என்று ஸ்கேனரில் வைக்கும் அளவு) போதும், பாஸ்போர்ட் அளவு மாதிரி சின்னப் படத்தைப் பிறகு பெரிதாக்க வேண்டியிருந்தால் 600 வையுங்கள். ஸ்கேனர் இல்லையா, பரவாயில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சாய்க்காமல் பிடித்து எடுத்தால் நன்றாகவே வரும். பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பம் என்றால் படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் ஆல்பத்தில் இருக்கும்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் கிழியாமல் வரும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் நல்லது, ஓரமாக அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும்.

படத்தில் இருப்பவர் யார் யார் என்று தெரிந்த மூத்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், மற்ற எல்லா வேலையையும் தள்ளி வைத்துவிட்டு இந்த வாரமே அவர் பக்கத்தில் ஆல்பத்தோடு உட்காருங்கள்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

"அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமான மனுஷன்" என்ற பதில்தான் வரும். கேள்வி சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா? அதைச் சரி செய்ய அவரே வருவாரா, மற்றவர் போக வேண்டுமா? கையில் பணம் இல்லாத மாதம் எப்படித் தெரிந்தது? யாருக்குப் பயப்படுவார்? எந்தப் பாட்டுக்கு வாய்க்குள் முணுமுணுப்பார்? தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது என்ன? உங்களிடம் என்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாரா?

அம்மாவிடம் இதையெல்லாம் பேட்டி மாதிரி கேட்காதீர்கள். படங்களை முன்னால் வைத்துவிட்டு, "இது எந்த வருஷம்மா?" என்று மட்டும் ஆரம்பித்தால் மீதி தானாக வரும். வராவிட்டால் அன்றைக்கு வேண்டாம். பேச்சு நின்றுபோன இடத்தில் அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பாதீர்கள், கொஞ்சம் சும்மா இருந்தால் பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் இதுவரை யாரிடமும் சொல்லாதது வரும். அரை மணி, முக்கால் மணிக்குமேல் இழுக்க வேண்டாம், துக்கத்தில் இருப்பவருக்கு ஞாபகப்படுத்திப் பேசுவதே உடம்பைக் களைக்க வைக்கும்.

பேசுவதற்கு முன்பே ரெக்கார்ட் செய்யலாமா என்று கேட்டுவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு கை தூரத்தில், துணி விரித்த மேசைமேல் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். நேரில் காதுக்குத் தெரியாத ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்கில் முழுக்க வரும். ஒரு நிமிடம் சும்மா பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

குடும்பத்துக்கு வெளியேயும் போங்கள். கூட வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், தினமும் ஒரே பஸ்ஸில் வந்தவர். வீட்டில் அமைதியாக இருந்தவர் வேலை செய்த இடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்திருப்பார், பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைகளைப் பற்றி அவர் வெளியே எப்படிப் பேசினார் என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும். முகத்துக்கு நேரே ஒரு நாளும் பாராட்டாத மனிதர், மகளுடைய மார்க் ஷீட்டை நகல் எடுத்து ஆபீஸ் முழுக்கக் காட்டியிருப்பார். மருமகன், மருமகளையும் மறக்காதீர்கள், பெரியவரான பிறகு அந்தக் குடும்பத்துக்குள் வந்தவர்கள் என்பதால் நமக்குப் பழகிப்போனதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

அண்ணன் சொல்வதும் தங்கை சொல்வதும் முட்டும். "அப்பா ஒரு நாளும் அடித்ததில்லை" என்பாள் கடைசிப் பெண், மூத்தவன் ஒன்றும் பேசாமல் இருப்பான். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். இருபத்தெட்டு வயதில் அப்பாவானவரும் முப்பத்தெட்டு வயதில் மறுபடி அப்பாவானவரும் ஒரே ஆள் என்றாலும் அந்தப் பத்து வருடத்தில் நிறைய மாறியிருப்பார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள், அவர் எப்படி மாறினார் என்பது அதில் தெரிந்துவிடும்.

எழுத உட்காரும்போது

முதலில் ஒரே ஒரு பக்கத்தில் தேதிகள். பிறப்பு, பெற்றோர் பெயர், படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், வீடு மாறியது, ஓய்வு பெற்றது, மறைவு. சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் வேறாக இருந்தால் இரண்டையும் குறித்து எது எங்கிருந்து வந்தது என்றும் எழுதிவிடுங்கள். இந்தப் பக்கம் தனியாக இருக்கட்டும், கட்டுரையை இதிலிருந்து தொடங்காதீர்கள்.

கட்டுரையை அவர் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குங்கள், அதுவும் தினமும் செய்த காரியமாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு உதாரணம் காட்டுகிறேன். "அவர் குடும்பத்தின்மீது மிகுந்த அக்கறை கொண்டவர்" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதை அடித்துவிட்டு, அந்த அக்கறையை நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். "இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கேட்டின் கொண்டியை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு திறப்பார், இல்லாவிட்டால் அது கீழே விழுந்து சத்தம் போடும். தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது. நாங்கள் முழித்துக்கொண்டுதான் இருப்போம், அவருக்காகத் தூங்குவது போல் படுத்திருப்போம்." அக்கறை என்ற சொல்லே இதில் இல்லை, தேவையும் இல்லை. இப்படி மூன்று நான்கு கிடைத்தால் உங்கள் கட்டுரை பாதி முடிந்தது.

அவர் பேசியதை அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "பாத்துக்கலாம் விடு" என்றுதான் எல்லாவற்றுக்கும் சொல்வார் என்றால் அதை "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆக்கிவிட்டால் அவர் அதிலிருந்து போய்விடுவார்.

குடும்பத்துக்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் தேடுங்கள். வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்த பதவி உயர்வு, நிறுத்திவிட்ட படிப்பு, விற்றுவிட்ட ஒரு பொருள். இதையெல்லாம் அவர் சொல்லியிருக்க மாட்டார், அவருடைய தம்பியோ நண்பரோதான் சொல்ல வேண்டும். அதே சமயம் தியாகம் தியாகம் என்றே எழுதிவிட்டால் அவர் வாழ்நாள் முழுக்கத் துன்பப்பட்ட ஆளாகத் தெரிவார், அது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவருக்குப் பிடித்ததும், அவர் சந்தோஷமாக நேரம் செலவழித்ததும், விழுந்து விழுந்து சிரித்ததும் அதே அளவுக்கு வர வேண்டும். பலருக்கு வீட்டில் இருப்பதே சந்தோஷம், அதை அப்படியே நம்புங்கள்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், எழுதத்தான் வேண்டும். முன்கோபம், பிடிவாதம், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதது, டாக்டரிடம் போகவே மாட்டேன் என்றது. இவை இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் படித்துவிட்டு "இது அவர் மாதிரியே இல்லையே" என்பார்கள். ஆனால் தீராத சண்டையை, சொத்துத் தகராறை இதில் தீர்க்கப் பார்க்காதீர்கள், அவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்.

கடைசி நாட்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரி, ரிப்போர்ட், கடைசி வார்த்தை, நாம் இன்னும் ஒரு நாள் முன்னால் போயிருந்தால் என்ற எண்ணம் என்று மனது அங்கேயே சுற்றும். அதையெல்லாம் எழுதுங்கள், அடக்க வேண்டாம், ஆனால் தனித் தாளில், உங்களுக்காக எழுதுங்கள். எழுபது வருடம் வாழ்ந்தவர் கடைசி இரண்டு வருடம் படுத்திருந்தார் என்றால், அவரைப் பற்றிய எழுத்தில் அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு பத்திதான் இடம். அந்தப் பத்தியிலும் நோயின் பெயரைவிட, நோயிலும் அவர் அவராக இருந்த ஒரு சமயத்தை வையுங்கள். ஊசி போட வந்த நர்ஸிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டது போல.

ஆன்லைனில் போடுவதாக இருந்தால் முழுப் பிறந்த தேதி, அடையாள அட்டைப் படம், வீட்டு முகவரி வேண்டாம். இறந்தவர் பெயரில் மோசடி செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர் யாருக்கெல்லாம் பண உதவி செய்தார் என்று பெயர் போட்டு எழுதுவதும் வேண்டாம், வாங்கியவருக்குக் கூச்சமாக இருக்கும், அவரே அதைச் சொல்லாமல்தானே இருந்தார்.

கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால்

ஐந்து நிமிடம் போதும். எழுதியதில் ஒரு காரியத்தை, அதிகபட்சம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். போனைப் பார்த்துப் படிக்காமல் தாளில் பெரிய எழுத்தில், 16 அல்லது 18 புள்ளி அளவில், வரிக்கு வரி இடம் விட்டு அச்சடியுங்கள். கண்ணில் நீர் வந்தால் சின்ன எழுத்து தெரியாது. வீட்டில் இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள், எந்த வரியில் குரல் உடைகிறது என்று முன்பே தெரிந்துவிடும். அங்கே வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், உங்களால் முடியாவிட்டால் அவர் எழுந்து மீதியைப் படிக்கட்டும்.

சின்னப் பிள்ளைகள்

தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். சின்னக் குழந்தைகள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், சிலர் தூங்கவே பயப்படுவார்கள், சிலர் எப்போது திரும்பி வருவார் என்று மாதக்கணக்கில் கேட்பார்கள். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, திரும்பி வரமாட்டார் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, தாத்தாவோடு என்னவெல்லாம் செய்தாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், அவர்கள் வார்த்தையிலேயே, பெயரும் வயதும் போட்டு எழுதி வையுங்கள். கைக்குழந்தையாக இருந்தால், அவர் அந்தக் குழந்தையை எப்படித் தூக்கினார், என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார் என்று ஒரு கடிதம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு நினைவு என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு விதமான இடம், அதில் ஒன்று வேறு வீட்டில். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, தங்கை வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. ஃபைல் பெயரிலேயே வருடம், யார், எங்கே என்று இருக்கட்டும், 'ஐஎம்ஜி 4471' என்று இருந்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் ஒன்றும் புரியாது. ஹார்ட் டிஸ்க் திடீரென்று போய்விடும், சிடி, டிவிடியும் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும், அதனால் வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுதியதைக் கட்டாயம் காகிதத்திலும் அச்சடித்து, நான்கு வீட்டில் நான்கு பிரதி வையுங்கள்.

முடித்ததும் முதல் பிரதி அம்மா கைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை, உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் மற்றவர்களுக்கு அனுப்பி ஒரு மாதம் கொடுங்கள், பெயர், வருடம், உறவுமுறை எல்லாம் சரி பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் சில பக்கம் காலியாகவே விட்டு வையுங்கள், யாருக்காவது இன்னொன்று ஞாபகம் வரும்போது அவர்களே தேதியும் பெயரும் போட்டு எழுதிக்கொள்ளட்டும்.